தீவுக்காரியின் துணைக் கேள்வி

"உட்காருங்கம்மா!" சபாநாயகர் மறுபடியும் மணியை அடித்தார். தீவுக்காரி உட்காரவில்லை.

சபையில் அவளுக்கு அதுதான் பெயர். பிறந்து வளர்ந்தது தீவில். ஜெயித்து வந்தது, தீவும் எதிர்க்கரையும் சேர்ந்த தொகுதியில், அதுவும் ஆளுங்கட்சிச் சின்னத்தில். சொந்தக் கட்சி அமைச்சரைச் சபையில் மடக்கக் கூடாது என்று கட்சிக் கொறடா காலையிலேயே அவள் காதில் ஓதியிருந்தார்.

போக்குவரத்து அமைச்சர் அப்போதுதான் பதிலை வாசித்து முடித்திருந்தார். "தீவுக்கு மீண்டும் அரசுப் படகு இயக்கும் கோரிக்கை, அரசின் கனிவான பரிசீலனையில் உள்ளது."

"மூணு அமைச்சர் மாறிட்டாங்க. இந்தக் கனிவு மட்டும் மாறவே இல்லையே!" என்றாள்.

எதிர்க்கட்சி வரிசையில் சிரிப்பு வெடித்தது. அமைச்சரின் முகம் சுருங்கியது. "உறுப்பினருக்குத் தெரியாதது இல்ல. படகு காலியா ஓடி நஷ்டம் ஆச்சு, நிறுத்தினோம். அவசரத்துக்குத்தான் தனியார் வள்ளம் இருக்கே?"

"அந்த வள்ளத்துல நீங்க ஒரு தடவை ஏறிப் பாருங்க. வயசானவங்க ஏறப் பயந்து, கரையில நின்னு கும்பிடு போட்டுட்டுத் திரும்பிடறாங்க."

"அங்க இருக்கிறதே கொஞ்சம் குடும்பம்தானேம்மா?"

"படகு நின்னதாலதான் கொஞ்சம் ஆச்சு. விட்டுப் பாருங்க, போனவங்க எல்லாம் திரும்பி வருவாங்க."

சொல்லும்போதே தம்பியின் முகம் கண்முன் வந்து நின்றது. போன மழைக்காலத்தில்தான் அவன் மனைவிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். தீவின் மருந்தகத்தில் பூட்டு தொங்கியது. வள்ளத்தில் கிடத்திக் கொண்டு வந்தார்கள். பாதிக் கடல் தாண்டுவதற்குள் தாயும் போனாள், பிள்ளையும் போனது.

தம்பி அழவில்லை. கரையில் காத்து நின்ற அக்காவை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அதன் பிறகு மாதக்கணக்கில் அவளோடு பேச்சே இல்லை.

போன வாரம்தான் அவனே போன் செய்தான். சபையில் என் கேள்வி எடுக்கப்பட்டிருக்கிறது, டாக்டர், வாத்தியார், குடிதண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பிடி பிடிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னாள்.

"அதெல்லாம் வேணாம்க்கா. படகு ஒண்ணு மட்டும் கேளு. சின்னதா குடுத்தா ஒத்துக்காத. நல்லா சாமான் ஏத்துற மாதிரி பெருசா கேளு."

ஏதோ வியாபாரம் செய்து பிழைக்கப் பார்க்கிறான், மனசு தேறிவிட்டது என்று அன்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து கொறடா குனிந்தார். "போதும்மா. அடுத்த தேர்தல்ல உனக்கு சீட்டு வேணுமா, வேணாமா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா, இல்லைன்னு ஒரு பதில் வர்ற வரைக்கும் நான் உக்கார மாட்டேன். என் தம்பி பொண்டாட்டிய வள்ளத்துலேருந்து இறக்கினப்ப நான் கரையில நின்னேன். அவ சேலை கடல் தண்ணியில நனைஞ்சிருந்துச்சா, ரத்தத்துல நனைஞ்சிருந்துச்சான்னு எனக்கு இன்னைக்கும் தெரியல. சொல்லுங்க ஐயா, பெரிய படகா ஒண்ணு விடுவீங்களா, மாட்டீங்களா?"

எதிர்க்கட்சி வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார். அந்தத் தட்டல் மெல்ல ஆளுங்கட்சிப் பக்கமும் தொற்றிக்கொண்டது.

அமைச்சர் அதிகாரிகள் இருந்த பக்கம் பார்த்தார். அவருடைய செயலாளர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. "அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தீவுக்குப் படகு இயக்கப்படும். பெரிய படகே இயக்கப்படும்" என்று சொல்லிவிட்டு, வாயில் வேப்பங்காயைக் கடித்தவர் போல அமர்ந்தார்.

தீவுக்காரி இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

சபை கலைந்ததும் நடைக்கூடத்தில் கொறடா வழிமறித்தார். "தலைவர் கொதிச்சுப்போய் இருக்காரு. ஒத்தைப் படகுக்காக உன் அரசியலுக்கே முழுக்குப் போட்டுட்டியேம்மா."

"போகட்டும்ணே. ஊரு பொழச்சுக்கும்ல, அது போதும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். கூட வந்த உறுப்பினர்கள்கூட அவளைப் பார்க்காதது போல ஒதுங்கி நடந்தார்கள். யாருமில்லாத ஜன்னலோரமாகப் போய் நின்று, தம்பிக்குப் போன் போட்டாள். காத்துக்கொண்டே இருந்தவன் போல உடனே எடுத்தான்.

"தம்பி! படகு வருதுடா! ஒண்ணாம் தேதியிலேருந்து, பெரிய படகு!"

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ விஷயத்தைச் சொல்வதும், அது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவுவதும் கேட்டது. ஊரே அவனைச் சுற்றி நிற்கும் போலிருந்தது. ஒரு கிழவி ஓவென்று அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று இவளுக்கும் கண் கலங்கியது.

"எல்லாரும் என்னடா சொல்றாங்க?"

"முதல் நடையிலயே மொத்த ஊரும் காலி பண்ணிட்டு வந்துடறோம்க்கா."