ஹெல்மி மேல் ஒரு புகார்

“எழுந்திருங்க மிஸ்டர் கங்காஸ். உங்களுக்குக் கேன்சர் குடல்லதானே? கால்ல இல்லையே?”

ஹெல்மி போட்ட அதட்டலில் கீமோ வார்டில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. சாய்வு நாற்காலியில் படுத்திருந்த ரெய்னோ கங்காஸ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

“மருந்து ஏறிட்டிருக்கும்மா.”

“ஏறட்டும். மருந்து ஸ்டாண்டுக்குச் சக்கரம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் பஞ்சர்.”

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். ஸ்டாண்டைத் தள்ளியபடி வராந்தாக் கோடியில், ஏரி தெரியும் ஜன்னல்வரை நடந்தார். வலது பக்கமாகக் கூடவே நடந்த ஹெல்மி, “ஏரியில உறைஞ்சு கிடக்கிற மீன்கூட இதைவிட வேகமா நகரும்” என்றாள்.

“அப்ப போய் மீனைக் கூட்டிட்டு நடங்க.”

“அது உங்களை மாதிரி வாயாடாது. எனக்குப் பொழுது போகாது.”

வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் ஜோலீன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பதா கண்டிப்பதா என்று தெரியவில்லை.

இலையுதிர் காலத்தில் இதே ரெய்னோ, “இந்த ஊசியோட போதும், வீட்டுல நிம்மதியா விட்டுடுங்க” என்று சொன்னவர். சாப்பாட்டைத் தொடமாட்டார். பார்க்க ஒரு ஆள் வந்தது கிடையாது. அந்தச் சமயத்தில்தான் நோயாளிகளுக்கு டீ கொடுக்க, பேச்சுத்துணைக்கு இருக்க என்று ஹெல்மி தொண்டராக வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் நாளே ஒரு நாற்காலியை இழுத்து ரெய்னோவின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அவருக்கு இடது காது கேட்காது. அது தெரியாமல் ஜோலீனே பல வாரம் இடது பக்கம் நின்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள்.

அன்றிலிருந்து வாராவாரம் இந்த ரகளைதான். ஹெல்மி வீட்டிலிருந்து ஏலக்காய் ரொட்டி சுட்டு வருவாள். “கல்லு மாதிரி இருக்கு” என்பார் அவர். “கல்லைத் தின்னுட்டுத் துணுக்குக்கூட மிச்சம் வைக்கலையே!” என்பாள் அவள்.

இன்றைக்குப் புகாரே வந்துவிட்டது. பக்கத்து நாற்காலி நோயாளியின் மகள் நேராக ஜோலீனிடம் வந்து, “அந்தம்மா நோயாளியை மனுஷனாவே மதிக்கலை” என்று பொரிந்துவிட்டுப் போனாள்.

ஜோலீன் ஹெல்மியைத் தனியாக அழைத்தாள். “உங்க மனசு நல்ல மனசுதான். ஆனா இங்க இருக்கிறவங்ககிட்ட இதமா பேசணும்.”

“அவர்கிட்டயா? இதமாவா? எனக்கு வராது” என்றாள் ஹெல்மி. “வேணும்னா என்னை வேற யார்கிட்டயாவது மாத்திடுங்க. எனக்கென்ன வந்தது?” சொல்லிவிட்டு, கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஜோலீன் ரெய்னோவிடம் போனாள். “மிஸ்டர் கங்காஸ், அடுத்த வாரத்திலேருந்து உங்களுக்கு வேற தொண்டர். ரொம்ப அன்பா பேசுவாங்க.”

வாயில் ரொட்டியோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். “எதுக்கு?”

“ஹெல்மி உங்களைத் திட்டறாங்கன்னு புகார்.”

“நான் சொன்னேனா?”

“இல்ல. ஆனா...”

“என் எடை ஏறியிருக்கா இல்லையா?”

“ஏறியிருக்கு.”

“போன ஸ்கேன்ல கட்டி வளரலைன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?”

“சொன்னார். அது மருந்தால.”

“மருந்து உள்ள போகணும்னா முதல்ல நான் இங்க வரணுமே! வியாழக்கிழமை காலையில, அந்தக் குளிர்ல, என்னைக் கட்டிலை விட்டு எழுப்பறது உன் மருந்து இல்லம்மா.”

ஜோலீன் விடவில்லை. “அதுக்காக முன்னப்பின்ன தெரியாத ஒருத்தங்க உங்களை எல்லார் முன்னாடியும் இப்படி...”

ரெய்னோ வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். ஹெல்மி காதில் விழாது என்று உறுதியானதும் ஜோலீனின் கையைப் பிடித்து அருகில் இழுத்தார்.

“கெடுத்துடாதம்மா. டைவர்ஸுக்கு அப்புறம் இப்பத்தான் அவ என்கூட மறுபடியும் சண்டை போடறா!”