மச்சான் உட்கார்ந்த நாற்காலி

காஜா பேராங் சாலையின் வெயில் கய்யூமின் சாப்பாட்டுக் கடைக்குள் பாதி மேசை வரை நீண்டு கிடக்கிறது. வாசலில் மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடி இன்னும் புதுசு. வேலையாட்களின் பேரெழுத வந்த சேமநிதி அதிகாரி தொப்பியைக் கழற்றி வைக்கிறார். வேலையாள் இருந்தால் அவன் பேரில் மாதாமாதம் முதலாளியும் பங்கு கட்டியாக வேண்டும்; கடை வாடகைக்கே கய்யூமுக்கு மூச்சு முட்டுகிறது.

"தேத்தண்ணி ஆத்துறாரே, அவரு யாரு பாய்?"

"எம் மச்சான் ஐயா. சம்பளமெல்லாம் இல்ல, வீட்டு ஆளு." சொல்லிக்கொண்டே கய்யூம் சம்பள நோட்டைக் கல்லாப் பெட்டிக்குள் தள்ளுகிறார்.

"அப்ப பேரு எழுத வேணாம். மச்சான் ஏன் நிக்கிறாரு? வந்து உக்காரச் சொல்லுங்க, சேந்து குடிப்போம்."

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த இப்ராஹீம் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறான். இத்தனை வருஷத்தில் முதலாளிக்கு எதிரே அவன் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலி நுனியில் ஒண்டுகிறான். கிளாஸைத் தொடவில்லை, ஆவி மட்டும் முகத்தில் படுகிறது.

"குடி மச்சான்," என்கிறார் கய்யூம். அந்த ஒரு சொல்லுக்கு அவன் முகம் மலர்ந்துவிடுகிறது.

அதிகாரி சைக்கிளை மிதித்துப் போகிறார். இப்ராஹீம் சட்டென்று எழுந்து, தோள் துண்டால் நாற்காலியை அழுத்தித் துடைக்கிறான். கய்யூம் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சமமா உக்காந்துட்டேன் மொதலாளி. மனசுல வச்சுக்காதீங்க."