ரம்பத்துக்குப் பள்ளிக்கூட ஃபீஸ்

சாலையோரப் புளியமரத்துக்கு ரம்பத்தைக் கண்டாலே நடுக்கம். போன வருஷம் ரம்பம் ஒரு பட்டுப்போன கிளையை மேலிருந்து அறுத்தது. பாதி அறுக்கும்போதே கிளை முறிந்து, மரத்தின் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு விழுந்தது.

"எனக்கு இவ்வளவுதான் தெரியும், அக்கா. மரங்கொத்தி நடத்துற பள்ளிக்கூடத்துல முறையாச் சொல்லித் தர்றாங்களாம். ஃபீஸுக்கு நான் எங்கே போவேன்?" ரம்பம் அழாத குறையாகச் சொன்னது.

மரம் யோசித்தது. அந்த வருஷத்துப் பழத்தையெல்லாம் உதிர்த்துவிட்டு அணிலைக் கூப்பிட்டது.

"இதைச் சந்தையில வித்து, அவன் ஃபீஸைக் கட்டிடு."

அணிலுக்கு ஆத்திரம் வந்தது. "உங்க தோலை உரிச்சவனுக்கா?"

"அடுத்த கிளையையும் அவன்தானே அறுக்கப் போறான்!"

ரம்பம் படித்துவிட்டு வந்தது. இன்னொரு பட்ட கிளை காத்திருந்தது. மரம் கண்ணை இறுக மூடிக்கொண்டது. ரம்பம் முதலில் கிளையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டது. பிறகுதான் மேலிருந்து அறுத்தது. கிளை மட்டும் தனியாக விழுந்தது.

அணில் ஓடிவந்து பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"வலிக்கவே இல்லையேடா!" என்றது மரம்.

"எல்லாம் உங்க புண்ணியம், அக்கா," என்றது ரம்பம்.

மறுவருஷம் பழம் பழுத்தது. மரம் கூப்பிடும் முன்பே அணில் வாய் நிறையப் பழத்தோடு சந்தைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருக்குடா இது?"

"அடுத்த தெரு ரம்பம் இன்னும் மேலிருந்தேதான் அறுக்குதாம், அக்கா!"