ஐந்துக்கு ஐந்தும் தப்பு

சசிகுமார் சிவப்புச் சாக்பீஸால் ஐந்தாவது கணக்குக்கும் இன்ட்டு போட்டுவிட்டுத்தான் தங்கை பக்கம் திரும்பினான்.

"என்னாம்மா கொடி, அஞ்சுக்கு அஞ்சும் தப்பு. ஒண்ணாவது தேறும்னு பாத்துக்கினு இருந்தேன்."

பொற்கொடியால் நம்பவே முடியவில்லை. இரண்டு வருஷமாக மகளை வீட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

யூகேஜியில் ஒரு மிஸ், "உங்க பொண்ணுக்குக் கணக்கு ஏறாதுங்க" என்று சொன்னதுதான் ஆரம்பம். என் பொண்ணுக்கா ஏறாது என்று மறுநாளே டிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்படி ஒரு ரோஷக்காரி.

அன்று முதல் குவார்ட்டர்ஸ் சமையலறைக் கதவின் உள்பக்கம்தான் கரும்பலகை. கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தவர் வீட்டுக்காரர். மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு, குளிக்கக்கூடப் போகாமல் அடித்தார்.

பொற்கொடிக்கு ஒரு புத்தகம் போதாது. சமச்சீர் புத்தகம் ஒன்று, சிபிஎஸ்இ புத்தகம் ஒன்று, இணையத்திலிருந்து இறக்கிப் பிரின்ட் எடுத்த சிங்கப்பூர்க் கணக்கு ஒரு கட்டு. ஒன்றில் கூட்டல் கழித்தல் நன்றாக இருக்கும், இன்னொன்றில் கதைக்கணக்கு நன்றாக இருக்கும். நாளுக்கு ஒன்றாக நடத்திவிட்டு, வெள்ளிக்கிழமை மூன்றையும் கலந்துகட்டி ரிவிஷன் வைப்பாள். எது எந்தப் புத்தகத்துக் கணக்கு என்று பிள்ளைக்குத் தெரியக் கூடாது. எதைக் கொடுத்தாலும் போட வேண்டும்.

அண்ணனுக்கு இது பிடிக்கவே இல்லை. அனல்மின் நிலையத்தில் இன்ஜினியர். "மூணு வூட்டுக் குழம்ப ஒண்ணா ஊத்துனா எவன் திம்பான்?" என்று வரும்போதெல்லாம் கேட்பான்.

இன்றைக்கு அவனே பந்தயம் கட்டினான். தங்கை மகள் இசைப்பிரியாவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொன்னான். ஐந்து கணக்கு. பிள்ளை சரியாகப் போட்டால் அவன் இனி வாயே திறக்க மாட்டான். தப்பாகப் போட்டால் ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

"அஞ்சு எதுக்கு, பத்தா குடு. போடுவா" என்று மார்தட்டினாள் பொற்கொடி.

இசைப்பிரியா சாக்பீஸை வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றாள். பாவம், திணறுகிறது என்று மாமா உச்சுக் கொட்டினான். அப்புறம் மேலிருந்து கீழே மளமளவென்று எழுதிவிட்டு வந்துவிட்டாள்.

எழுதியதெல்லாம் இப்படித்தான் இருந்தது.

46 + 38 = 90

7 × 8 = 84

103 − 58 = 56

72 பலாச்சுளையை 6 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 45

ஒன்றரை மணி நேரத்துக்கு 12 நிமிடம்

ஏழு எட்டு எண்பத்து நாலாம்! தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஐம்பத்தாறு என்பாளே இந்தப் பெண்.

அந்த ஐம்பத்தாறு எங்கே போனது என்று தேடினால், கீழே கழித்தலுக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கழித்தலின் நாற்பத்தைந்து பலாச்சுளைக்குப் போயிருந்தது. பலாச்சுளையின் பன்னிரண்டு கடைசிக் கணக்குக்கு. முதல் கணக்கின் எண்பத்து நாலுதான் ஏழு எட்டுக்கு வந்திருந்தது.

ஷிஃப்ட் மாறுகிற மாதிரி எல்லா விடையும் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது.

கைதவறி இறங்கியிருக்குமோ என்று பார்த்தால், அதற்கும் வழியில்லை. முதல் வரியில் இருந்த தொண்ணூறு கடைசிக் கணக்கின் விடை. அந்தக் கணக்கை முன்கூட்டியே மனசுக்குள் போட்டு முடித்தாலொழிய அதை முதலில் எழுத முடியாது.

அடி கள்ளி!

தப்பான விடை ஒன்றை எழுத அவளுக்கு மனசே வரவில்லை. ஐந்தும் சரியான விடை. இடத்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறாள்.

பொற்கொடிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கணக்கு ஏறாதாமே! அந்த மிஸ்ஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்து இந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்த வேண்டும்போல் இருந்தது. ஏழு வயசுப் பொடிசு இன்ஜினியர் மாமனுக்கே தண்ணி காட்டிவிட்டதே! பெத்தால் இப்படிப் பெக்கணும் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் வாயடைத்துப் போவான். சொல்வதற்கு வாயைத் திறந்தும் விட்டாள்.

இசைப்பிரியா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா பார்க்காதபடி தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம்மா, சொல்லாத.

அவ்வளவு பெருமைக்கு நடுவிலும் பொற்கொடிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பந்தயத்தில் தோற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டுதானே இந்தப் பிள்ளை சாக்பீஸை எடுத்தது?

"தோத்துட்டேண்ணா" என்றாள். "ஜூன்ல சேத்துடறேன்."

"அத ஏன் இளிச்சிக்கினு சொல்ற?"

அவளால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அண்ணன் ஒன்றும் புரியாமல் காபியைக் குடித்துவிட்டு, ஜெயித்த மிதப்பில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

பொற்கொடி மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். திட்டு விழவில்லை என்று தெரிந்த பிறகு இசைப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"ஸ்கூல்ல எம் பக்கத்துல யாரும்மா ஒக்காருவாங்க?"