ஸ்டாப் வாட்ச்

உலக விளையாட்டு விழாவில் இப்போதெல்லாம் யாரும் ஓடுவதில்லை. வீரர்களின் உடலை அளந்து, யார் ஜெயிப்பார் என்று இயந்திரமே சொல்லிவிடும். இந்தியாவுக்கு வழக்கம்போல நான்காம் இடம். இந்த முறை அது ஞானசெல்வத்தின் மகள் ரெபேக்காவுக்கு.

முடிவு வந்த மறுநாளே தூத்துக்குடி மைதானத்தில் ரெபேக்கா தன் அம்மா ஞானசெல்வத்தின் கையில் ஸ்டாப் வாட்சைத் திணித்தாள். "ஒரே ஒரு தடவ நெசமா ஓடிப் பாக்கேம்மா."

ஓடி முடித்துப் புல்லில் விழுந்தாள். ஞானசெல்வம் வாட்சைப் பார்த்தாள். தங்கம் வாங்கியவளுக்கு இயந்திரம் போட்ட நேரத்தைவிடக் குறைவு. இனி இதை யார் ஏற்பார்கள்? தெரிந்தால் பிள்ளை ஆயுசுக்கும் தூங்காது.

பொத்தானை அழுத்தி அழித்தாள். "மிஷினு சொன்னது சரிதாம்ட்டி. நாலாவதுதான்."

"அப்பம் சரிம்மா. இப்பதான் மனசு ஆறுது."

ரெபேக்கா ஷூவைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். ஞானசெல்வம் அதை எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது.