வயிற்றுக் குடித்தனம்

கணையம் வீங்கிக் கண்மூடிக் கிடந்த கணவரின் மூக்குக் குழாயில் தனக்கொடி கஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குடலைக் காயப்போட்டா உள்ள குடியிருக்கற கிருமியெல்லாம் சுவர் தாண்டி கணையத்துக்குப் போயிடும்க்கா. இது அதுங்களுக்கும் சேத்துதான்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

தனக்கொடிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. வேளை தவறாமல் வடித்துக் கொட்டியும், பிராந்திக் கடைக்குப் போக இந்த மனிதர் தாண்டாத சுவரா? கல்யாணமான நாளாய் ஒவ்வொரு வேளையும் தட்டருகே நின்று "போதுமா?" என்று கேட்கிறாள். ஒருநாளும் அவர் பதில் சொன்னதில்லை.

இப்போதும் கை கடுக்கக் குழாயைத் தூக்கிப் பிடித்தபடி, பழக்கத்தில் கேட்டுவிட்டாள்: "போதுமா?"

அவர் கண் திறக்கவில்லை. போர்வைக்கடியில் வயிறு மட்டும் கடமுடவென்றது.

"இருங்க, ஊத்தறேன்" என்றாள், வயிற்றைப் பார்த்து.