மிச்சம் ரெண்டு பக்கம்

“சிஸ்டர், இந்த மலை, பனி, தனிமை... இதெல்லாம்தானே உங்களை எழுத வைக்குது?”

மதுரையில் இருந்து பேட்டிக்கு வந்திருந்த பிரபாகரன், பதிலையும் தானே முடிவு செய்துகொண்டுதான் கேள்வியைக் கேட்டார். கிறிஸ்தவ மாத இதழ் ஒன்றின் நிருபர். அவருக்கு இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

சலோமிக்குச் சிரிப்பு வந்தது. போடியில் தையல் கடை வைத்துக்கொண்டே மூன்று நாவல் எழுதியவர். நாலாவதை அந்த இதழில் தொடராகப் போடுவதற்கு இன்று பிரபாகரனிடம் கொடுத்தனுப்புவதாகப் பேச்சு.

“தனிமையா? எனக்கு நாலு பேர் கூட இருந்தாத்தான் தம்பி கதையே வரும். வாங்க, காட்டுறேன்.”

அழைத்துப் போன இடம் அடுத்த தெருவில் இருந்த ஏலக்காய் குடோன். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, வெடித்த காயையும் கறுத்த காயையும் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கை அது பாட்டுக்கு ஓடியது, வாய் அது பாட்டுக்குப் பேசியது.

“ஜெபம் பண்ணிட்டு வீட்டுலதான் எழுதுவேன். சாயங்காலம் இங்க வந்து இவங்களுக்கு வாசிப்பேன். பொறுக்குற கை நின்னுச்சுன்னா கதை சரியா இருக்குன்னு அர்த்தம். நிக்காம ஓடுச்சுன்னா, நான் பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சிட்டேன்னு அர்த்தம். அந்த எடத்த அப்படியே அடிச்சிருவேன்.”

பிரபாகரன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவருடைய இதழே பிரசங்கத்தில்தான் ஓடுகிறது.

“இன்னைக்குக் கடைசி அத்தியாயம் தம்பி. முடிவுக்குக் கை நிக்கலைன்னா உங்ககிட்டத் தர மாட்டேன்.”

“சிஸ்டர், எனக்கு ஆறு மணிக்கு பஸ்.”

“அதுக்குள்ள தெரிஞ்சிரும்.”

சலோமி வாசிக்க ஆரம்பித்தார். நிலத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அக்கா, தங்கை கதை. தங்கை பல வருஷம் கழித்து மனசு மாறி, குரங்கணிக்கு அக்காவைத் தேடி வருகிறாள். கையில் ஒரு பொட்டலத்தோடு ஜீப்பை விட்டு இறங்கி மேட்டில் ஏறுகிறாள். அக்காவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள்.

ஒவ்வொரு கையாக நிற்கத் தொடங்கியது.

“போதும், நிறுத்துங்க. வேலையப் பாருங்க.”

குரல் வாசல் பக்கம் தராசுக்கு அருகில் இருந்து வந்தது. குடோன் மேற்பார்வையாளர் காசிமாயன். இவ்வளவு நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, இன்னும் ரெண்டே பக்கம்தாண்ணே. அக்காக்காரி கதவத் தொறந்தாளா இல்லையான்னு மட்டும் கேட்டுக்கிறோம்” என்று கெஞ்சினாள் பொன்னுமணி.

“நாளைக்குக் கேளு.”

“தெனமும் இதே சோலிதான் இவருக்கு. நல்லாப் போறப்ப வந்து வெட்டி விட்டுருவாரு” என்று பொன்னுமணி முணுமுணுத்துக்கொண்டே காயை இழுத்துப் போட்டாள்.

சலோமிக்கும் கோபம் வந்தது. மற்ற நாளென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இன்று அந்த ரெண்டு பக்கம்தான் முக்கியம். வாசித்துப் பார்க்காமல் கொடுத்தனுப்பவும் மனசில்லை, வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பவும் முடியாது.

பிரபாகரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாகத்தான் நினைத்தார். நேராகக் காசிமாயன் முன்னால் போய் நின்றார்.

“ஐயா, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இது கிறிஸ்தவக் கதைங்கிறதாலதானே நிறுத்துறீங்க?”

காசிமாயன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சலோமி பக்கம் திரும்பினார்.

“ஆத்தா, அந்தத் தங்கச்சிக்காரி அக்காளுக்கு என்னமோ கொண்டாந்தாள்ல, என்னது அது?”

“பலாச்சுளைண்ணே. ஏன்?”

“சொளதானா? நான் முழுப்பழம்னு நெனச்சேன். மாத்திச் சொல்லிட்டா வீட்டுல அவ கண்டுபிடிச்சிருவா.”

சலோமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மனைவி மாயக்காள், எஸ்டேட்டில் சரிவில் விழுந்து இடுப்பொடிந்து, பக்கத்து ஊரான சிலமலையில் வீட்டோடு கிடப்பது மட்டும் தெரியும்.

“மதினி இப்ப எப்படிண்ணே இருக்காக?”

“அப்படியேதான் கெடக்கா. சோத்தக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா. எதுக்குத் திங்கணும், எதுக்கு இருக்கணும்னு ஒரே பேச்சு. ஒரு நாள் சும்மா உன் கதையச் சொன்னேன். ‘அப்புறம்?’னு கேட்டா. சொல்லிக்கிட்டே ஊட்டினேன், தின்னுட்டா. அன்னையில இருந்து கதை சொன்னாத்தான் வாயத் தொறக்குறா.”

பொறுக்கிக்கொண்டிருந்த கைகள் மறுபடி நின்றிருந்தன. இத்தனை நாளும் இந்த மனிதரை மனசுக்குள் திட்டியதை நினைத்து சலோமிக்கு வெட்கமாக இருந்தது.

காசிமாயன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிரபாகரனைப் பார்த்துச் சொன்னார்: “சாமி யாரு சாமியா இருந்தா என்னங்க. கொஞ்சம் மிச்சம் வச்சாத்தான், நாளைக்கு என்னாகும்னு அவ காத்துக்கெடப்பா. முடிவு தெரிஞ்சா அவ கேக்கக் கேக்க நானே ஒளறிருவேன். இன்னைக்கே முடிச்சிட்டா, நாளைக்கு எதைச் சொல்லி ஊட்டுறது?”

பிரபாகரனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

சலோமி காகிதக் கட்டை மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

“தம்பி, நீங்க பஸ்சுக்குக் கெளம்புங்க. இந்தக் கதை இப்போதைக்கு முடியிற மாதிரி இல்ல.”